முட்டை கலவாதது

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

பிள்ளை எலி, எலியின் அப்பா, நான் மூவரும் சுகம். உன் முழங்கால் எந்த மட்டில் இருக்கிறது? அத்தானின் இருமலைக் கேட்டதாகச் சொல்.

போன் பண்ணியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிகிற சமாசாரம்தான் இது. ஆனால் நாம் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறதே. கடைசியாகப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு நீ சொன்னதை இங்கே எழுதிக் காகிதத்தைக் கெடுக்கப் போவதில்லை. நமக்கு எழுத்துதான் ஒத்துப்போகிறது, அப்படியே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதே. நான் வெளிநாட்டிலிருந்து பாஸ்தா வரவழைக்கிறேன். கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கவில்லை, கப்பலில் ஒரு கன்டெய்னர் வருகிறது! அறுநூறு அட்டைப்பெட்டி, எல்லாம் சங்கு வடிவம். சந்துக்குள் ஓர் அறை எடுத்து, சுவர் ஓரமாகப் பலகை அடித்து வைத்திருக்கிறோம். கையில் இருந்ததை எல்லாம் இதில் போட்டாயிற்று. எலியின் அப்பா, "உங்க அப்பா உனக்கு பட்டாசுன்னு சரியாத்தான் பேர் வச்சிருக்கார், திரியைப் பத்த வச்சிட்டுதான் யோசிப்பே" என்கிறார். உனக்கு மட்டும் என்ன, தராசு என்றுதானே வைத்தார்?

ஏன் பாஸ்தா என்று கேட்பாய். எலிக்கு முட்டை ஆகாது. விரல்நுனி அளவு உள்ளே போனாலும் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். கடையில் எதைத் திருப்பிப் பார்த்தாலும் முட்டை, இல்லாவிட்டால் 'முட்டை இருக்கலாம்'. இருக்கலாம் என்றால் நான் என்ன செய்ய, சீட்டுப் போட்டா பார்க்க முடியும்? இந்த ஊரில் எலி மாதிரிப் பிள்ளைகளின் அம்மாக்கள் நாற்பது பேர் சேர்ந்திருக்கிறோம். நாங்கள் தேடிப் பிடித்த தொழிற்சாலை இது. கடினக் கோதுமை ரவை, தண்ணீர், வேறொன்றும் கிடையாதாம். பாக்கெட்டின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் 'முட்டை கலவாதது' என்று நான் சொல்லி அச்சடித்திருக்கிறார்கள். மாதிரிக்கு வந்த ஆறு பாக்கெட்டையும் எலி ஒரு மாசத்தில் காலி பண்ணிவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு பண்டத்தை அவன் பயப்படாமல் இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கிளியரிங் ஏஜென்ட், "சுங்க வரிப் பட்டியல்ல எந்தத் தலைப்புல போடணும், சொல்லுங்க" என்கிறார். அது உன் ராஜ்யம். துறைமுகச் சுங்கத்தில் இருபது வருஷமாகத் தின்பண்டங்களைத் தலைப்புப் பிரித்துக்கொண்டிருப்பவள் நீ. சொல்லேன்.

பட்டாசு


பிப்ரவரி 13

பார்வை: உன் கடிதம், நாள் பிப்ரவரி 4.

தங்கைக்கு,

இங்கு இருவரும் நலம். முழங்கால், மாடிப்படியில் மட்டும் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. அத்தானின் இருமல் நின்றுவிட்டது, இருமலைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை.

மாவுப் பண்டங்கள் பத்தொன்பதாம் அத்தியாயம். பாஸ்தா அதில் இரண்டாம் தலைப்பு. அங்கே மூன்று கேள்வி. வேகவைத்ததா? உள்ளே ஏதாவது அடைத்ததா? முட்டை கலந்ததா? மூன்றுக்கும் இல்லை என்றால், வேகாத, அடைக்காத, முட்டை கலவாத பாஸ்தா என்ற உட்பிரிவில் போடச் சொல். சங்கா, குழலா, சக்கரமா என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை.

முட்டை இருந்தால் கதை வேறு. அது விலங்கிலிருந்து வந்த பொருளாகிவிடும். அனுப்பும் நாட்டின் கால்நடைத் துறை கொடுத்த சான்றிதழ் இல்லாமல் ஒரு பெட்டிகூட வெளியே வராது. எதுவானாலும், வந்து இறங்கும் நாளில் சரக்கின் ஆயுளில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். காகிதத்தில் இருப்பதும் பாக்கெட்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் உனக்கு ஒரு தொல்லையும் வராது.

முக்கியமானது. உன் கம்பெனியின் பெயரை எனக்கு எழுதாதே. கப்பல் பெயர், ஏஜென்ட் பெயர் எதுவும் வேண்டாம். தெரிந்துகொண்டால் நான் சொந்தக்காரி ஆகிவிடுவேன், அந்தக் கோப்பைத் தொடக் கூடாது. தெரியாத வரை எனக்கு எல்லாச் சரக்கும் ஒன்று.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

உடம்பெல்லாம் எல்லாருக்கும் சரியாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை. உன் கடிதத்தை எலியின் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கூடப் பிறந்தவளுக்கு எழுதற லெட்டர்ல பார்வை போடற ஒரே ஆளு உங்க அக்காதான்" என்று சிரித்தார். அது போகட்டும், 'அனைவரையும்' என்று எழுதியிருந்தாயே, இந்த வீட்டில் நீ பெயர் சொல்லிக் கேட்கிற அளவுக்கு யாரும் இல்லையா?

சரக்கு வந்து பத்து நாள் ஆகிறது. உள்ளே விடவில்லை, பிடித்து வைத்துவிட்டார்கள். நீ சொன்ன அதே தலைப்பில்தான் போட்டோம். காகிதமெல்லாம் கச்சிதம். ஏஜென்ட் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேள்.

"சுங்க ஆபீசர் மேடம் பேப்பரைப் பார்த்து தலையாட்டிட்டாங்கம்மா. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். போற போக்குல ஒரு பாக்கெட்டைப் பிரிச்சாங்க அந்த மேடம். ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. ஒண்ணை எடுத்து வாயில போட்டு கடக்கு முடக்குன்னு மென்னாங்க. 'இது ரவையோட மஞ்சள் இல்லையே'ன்னாங்க. அவ்வளவுதான். மூணு பாக்கெட்டை எடுத்து அரக்கு வச்சு சீல் போட்டு, முட்டை இருக்கான்னு பாருங்கன்னு லேபுக்கு அனுப்பிட்டாங்க."

வேகாத பாஸ்தாவை மெல்லுகிற ஜென்மத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நீயும் சின்ன வயசில் பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே கணக்குப் போடுவாய். உங்கள் அலுவலகத்தில் எல்லாருக்குமே இந்த வியாதிதானா?

அந்தப் புண்ணியவதி யாரென்று தெரிந்தால் என் சார்பில் நாலு வார்த்தை கேள். நாற்பது அம்மாக்கள் என் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல். தினம் போன் பண்ணி, "வந்திடுச்சா?" என்று கேட்கிறார்கள். பெத்த பிள்ளைக்கே ஆகாத ஒன்றை நான் வரவழைப்பேனா என்றும் கேள். பிள்ளை இருந்தால்தானே அவளுக்குப் புரியும்!

கடைசி வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பட்டாசு


ஏப்ரல் 1

பார்வை: உன் கடிதம், நாள் மார்ச் 22.

தங்கைக்கு,

நலம். அத்தானும் நலம்.

பரிசோதனைக்கு அனுப்பியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ரவையின் மஞ்சள் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை உள்ளே விடும். முட்டையின் மஞ்சள் விடாது. பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். தெரிந்தது தப்பாகவும் இருக்கலாம், அதற்குத்தான் பரிசோதனைக்கூடம்.

தாமதமாகும். கோப்பு வேறொரு மேஜைக்குப் போயிருப்பதாகத் தெரிகிறது. புதியவர் முதல் காகிதத்திலிருந்து படிப்பார். மூன்று வாரம் கூடுதலாகப் பிடிக்கும். அதற்கு வருந்துகிறேன்.

முடிவு முறைப்படி தபாலில்தான் வரும். அதற்கு முன்னால் யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. ஏஜென்டை விரட்டிப் பிரயோஜனம் இல்லை.

எலி எப்படி இருக்கிறான்? உயரமாகிவிட்டானா?

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

எலி உயரமாகிவிட்டான். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் கதவு திறந்த மாதிரி இருக்கிறது. நீ கேட்டாய் என்று சொன்னேன். "எந்தப் பெரியம்மா?" என்றான். ஒரே பெரியம்மாதானடா உனக்கு என்றேன்.

கோப்பு மேஜை மாறியதாகத் 'தெரிகிறது' என்று எழுதியிருக்கிறாய். யாருக்குத் தெரிகிறது? எங்கள் ஏஜென்டுக்கே நேற்றுத்தான் தெரிந்தது. சரி, நான் எதுவும் கேட்கவில்லை, நீயும் எதுவும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு விஷயம். கன்டெய்னரில் இருக்கிற அதே சரக்கிலிருந்து ஆறு பாக்கெட்டைத் தொழிற்சாலைக்காரர்கள் தனியாகக் கூரியரில் அனுப்பியிருக்கிறார்கள், லேபிள் அச்சு சரியா என்று பார்ப்பதற்கு. கூடவே ஒரு கடிதமும் வந்தது. முட்டை இல்லை, இல்லவே இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்துக்குச் சந்தேகம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு இல்லை.

பத்தொன்பதாம் தேதி எலியின் வகுப்பில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். அவரவர் கொண்டுவந்ததைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். போன வருஷம் இவனைத் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்குத்தான், தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து, "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டான். இந்த வருஷம் அந்தச் சங்குப் பாஸ்தாவைத் தக்காளி போட்டுச் செய்து, பெரிய டப்பா நிறையக் கொடுத்தனுப்பப் போகிறேன். இவன் எல்லாருக்கும் கொடுப்பான், இவனும் தின்பான். டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவன் தினம் காலண்டரில் ஒரு கோடு கிழிக்கிறான்.

பச்சைப் பாஸ்தா மெல்லுகிற அந்த அம்மாவைப் பார்த்தால் இதையும் சொல்லிவை.

பட்டாசு


ஏப்ரல் 19

அக்கா,

இன்றைக்கு நலம் விசாரிக்க எனக்குத் தெம்பு இல்லை. நடந்ததை எழுதுகிறேன், உனக்குத் தெரிய வேண்டும்.

காலை ஏழே முக்கால். பாஸ்தா வெந்துவிட்டது, வடிதட்டில் கொட்டிக்கொண்டிருக்கிறேன். எலி சீருடை போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்து பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறான். "ஒண்ணே ஒண்ணு தா, சூடு பார்க்கறேன்" என்கிறான். நானும் ஒரு சங்கை எடுத்து ஊதிக்கொண்டிருக்கிறேன். போன் அடித்தது. 'தராசு' என்று வந்தது. இரண்டு வருஷமாக அந்தப் பெயர் வந்ததே இல்லை. யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அத்தானாக இருக்குமோ என்று எடுத்தேன்.

நீ சொன்னது நாலே வார்த்தை. "அவனுக்குப் போடாத. முட்டை இருக்கு." வைத்துவிட்டாய். உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் ஓடி வந்தாயா?

கையிலிருந்த சங்கை அப்படியே கீழே போட்டேன். எலியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் நிறுத்தி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவன் தொடவே இல்லை, ஆனாலும் கழுவினேன். மூன்று தரம் கழுவினேன். மிச்சத்தையெல்லாம் பாத்திரத்தோடு சாக்கில் கட்டி வெளியே வைத்தேன். அதன் பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எலி அழுதான். ரொட்டியும் ஜாமும் கொடுத்தனுப்பினேன். மறுபடி அதே பெஞ்சுதான். சாயங்காலம் வந்து, "போன்ல யாரும்மா?" என்று கேட்டான். பெரியம்மா என்றேன். "பெரியம்மாதான் நம்மகூடப் பேச மாட்டாங்களே?" என்றான். இன்னைக்குப் பேசினாங்கடா என்றேன்.

முறைப்படி தபாலில்தான் வரும், யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று எழுதியவள் நீ. உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் உனக்குத்தான் ஆபத்து என்கிற அளவுக்கு எனக்கும் புத்தி இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அக்கா, உடனே பதில் எழுது.

பட்டாசு


மே 6

பார்வை: உன் கடிதம், நாள் ஏப்ரல் 19.

தங்கைக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு அலுவலக வேலை காரணம்.

எங்கள் பிரிவில் இருக்கைகளை மாற்றியிருக்கிறார்கள். எனக்கு இப்போது கீழ்த்தளத்தில் இடம், மாடிப்படி கிடையாது. முழங்காலுக்கு நல்லது. காற்றும் வருகிறது.

இன்னொரு ஜோடி டப்பாவும் கரண்டியும் வாங்கி, எலிக்கென்று தனியாக வைத்துக்கொள். எலியை விசாரித்ததாகச் சொல். அவன் வகுப்பில் சங்கடம் நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

அக்கா


மே 18

அன்பான பட்டாசுக்கு,

அத்தான் எழுதுவது. என் இருமல், முதுகு, கண் எல்லாம் தத்தம் இடத்தில் செவ்வனே இருக்கின்றன. உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் எனக்கும் ஒரு தலைப்பு பார்த்து அதில் போட்டுவிடுவாள்.

அவள் உனக்கு 'கீழ்த்தளம், காற்று' என்று எழுதியதை எதேச்சையாகப் பார்த்தேன். (உறையை ஒட்டச் சொல்லி என்னிடம்தான் கொடுப்பாள். இருபத்தாறு வருஷமாக எதேச்சையாகத்தான் பார்க்கிறேன்.) அதில் எழுதாததை நான் எழுதுகிறேன்.

உன் சரக்கைப் பிடித்து வைத்தது அவள்தான். உன்னுடையது என்று அப்போது தெரியாது, அதே மாதிரி பாஸ்தா வாரத்துக்கு நாலு கன்டெய்னர் வருமாம். கம்பெனி பெயரை எழுதாதே என்று உனக்குக் கட்டளை போட்டவளும் அவள்தானே! உன் மார்ச் மாதக் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தாள். ஜன்னல், வாயில் போட்டது, அரக்கு. படித்துவிட்டு செருப்பைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை, இது என் தங்கையின் சரக்கு என்று எழுதிக் கொடுத்து, கோப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தாள். "மூணு வாரம் அவளுக்கு வீணாப் போகுமே" என்று இங்கே புலம்பியது எனக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் பத்தொன்பது காலை ஏழரைக்கே அலுவலகம் போனாள், வழக்கம்போல. பக்கத்து மேஜையில் பரிசோதனைக்கூடத்துக் காகிதம் பிரித்துக் கிடந்திருக்கிறது. பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டாள். சொல்லக் கூடாது, சொல்லிவிட்டாள். பத்து மணிக்கு மேலதிகாரி வந்ததும் தானே போய், பார்த்தேன், சொன்னேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. எழுதிக் கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. "யாருக்கும் தெரியாதேடி" என்றேன். "எனக்குத் தெரியுமே" என்றாள். இவளோடு என்ன பேசுவது?

தின்பண்டப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு இல்லை என்றாகிவிட்டது. இப்போது கீழே டயரும் ரப்பர் குழாயும் பார்க்கிறாள். வாயில் போட்டு மெல்ல ஒன்றும் இல்லை, பாவம்.

நான் எழுதியதைச் சொல்லிவிடாதே. சொன்னாலும் பரவாயில்லை.

அத்தான்


மே 27

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் டயர்கள் சுகமா?

அத்தானைத் திட்டாதே. அவர் எழுதாவிட்டால் நீ சாகும் வரைக்கும் காற்று வருகிறது, காற்று வருகிறது என்றே எழுதிக்கொண்டிருப்பாய்.

அவர் சொன்னதில் ஒரு பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும். வேகாத பாஸ்தாவை மென்றது யார் என்று ஏஜென்ட் சொல்லும்போதே தெரிந்துவிட்டது. இந்த உலகத்தில் அப்படி மெல்லுகிறவள் ஒருத்திதான். தெரிந்துகொண்டுதான் அந்தக் கடிதத்தில் உன்னை உன்னிடமே திட்டினேன். பிள்ளை இருந்தால்தானே புரியும் என்று எழுதினேனே, அது உன்னைக் குத்துவதற்கென்றே எழுதியது. வேறு யாருக்கோ எழுதிய மாதிரி வேஷம் போட்டேன். கேவலம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அத்தானுக்குக்கூடத் தெரியாது. சோதனையில் இருக்கிற சரக்கை எந்த அம்மாவாவது பிள்ளைக்குப் போடுவாளா? வேறு எந்த அதிகாரி சந்தேகப்பட்டிருந்தாலும் நான் அந்தப் பாக்கெட்டைத் தொட்டிருக்க மாட்டேன். நீ என்பதால் பிரித்தேன். இவள் சொல்வதா சரி, பார்த்துவிடலாம், இந்தத் தடவையாவது இவளை ஜெயிக்க வேண்டும் என்று அடுப்பைப் பற்ற வைத்தேன். பிள்ளையை வைத்து ஜெயிக்கப் பார்த்தேன் அக்கா. அந்தச் சங்கு என் கையில் சூடாக இருந்தது இன்னும் மறக்கவில்லை.

தொழிற்சாலைக்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அங்கே திங்கள்கிழமை முட்டைப் பாஸ்தா போடுவார்களாம். மிச்சமாகிற மாவை வீணாக்க மனசு வராமல் செவ்வாய்க்கிழமை மாவோடு சேர்த்துப் பிசைந்துவிட்டார்கள். எந்தச் சமையலறையிலும் நடக்கிற காரியம்தான். முதலில் வந்த மாதிரி வியாழக்கிழமை போட்டது, நம் கன்டெய்னர் செவ்வாய்க்கிழமை போட்டது. இப்போது கால்நடைத் துறைச் சான்றிதழ் அனுப்பியிருக்கிறார்கள். முட்டை கலந்த பாஸ்தா என்று தலைப்பை மாற்றி, அபராதத்தோடு விடுவித்தார்கள். ஆயுளில் பாதிக்கு மேல் இருந்ததால் தப்பித்தோம். ஒரு பெரிய உணவகம் எடுத்துக்கொள்கிறது. பிழைத்துக்கொள்வோம், கவலைப்படாதே.

துறைமுகக் கிடங்கிலேயே லேபிள் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நானும் எலியின் அப்பாவும் ஒன்பது நாள் அங்கே உட்கார்ந்து, 'முட்டை கலவாதது' என்ற எழுத்தின் மேலே 'முட்டை கலந்தது' என்று ஒட்டினோம். ஒவ்வொரு பாக்கெட்டாக. நான் ஆசை ஆசையாக அச்சடிக்கச் சொன்ன எழுத்து அது. உன் அலுவலகம் எதிர்க் கட்டடம்தான். தினம் மத்தியானம் கீழ்த்தளத்து ஜன்னலில் நீ தெரிவாய், தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாய். நான் வந்து கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்காதே. நீயும் என்னைப் பார்த்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

நாற்பது அம்மாக்களிடமும் நானே நேரில் போய்ச் சொன்னேன். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உன் அக்காவுக்கு நன்றி சொல் என்றாள். சொல்லிவிட்டேன்.

பட்டாசு


ஜூன் 8

பட்டாசு,

இந்தக் கடிதத்துக்குப் பார்வை இல்லை.

பார்த்தேன். ஒன்பது நாளும் பார்த்தேன். நீ நீலப் புடவையில் வந்த அன்று எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினேன்.

உன் ஏப்ரல் 11 கடிதம் எனக்குப் பதினைந்தாம் தேதி கிடைத்தது. அன்றைக்கே 'முடிவு தெரியும் வரை அவனுக்குக் கொடுக்காதே' என்று எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்பும் ஒட்டினேன். தபால்பெட்டி வரைக்கும் போனேன். போடவில்லை. கடைசியாகப் போனில் பேசிய அன்றைக்கு, "என் பிள்ளை விஷயத்துல இனிமே நீ வாயைத் திறக்காத" என்று சொல்லித்தான் நீ வைத்தாய். திறந்தால் இந்த எழுத்தும் நின்றுவிடும் என்று பயந்தேன். நாலு நாள் அந்த உறை என் கைப்பையில் இருந்தது. பதவி உயர்வு போனது எனக்குப் பெரிதில்லை. அந்த நாலு நாளுக்காக எனக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை, அதுதான்.

நீ வாயைத் திறக்காதே என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாக்கியம் என்னுடையது. "ஒரு துண்டு கேக் தின்னா செத்தா போயிடுவான்? நீதான் பயமுறுத்திப் பயமுறுத்தி அவனை நோஞ்சான் ஆக்கற." இப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தச் சண்டைக்கு ஒன்பதாம் நாள் அவன் ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் தின்று, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தான் என்று மூன்றாம் மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

இருபது வருஷம் காகிதத்தை நம்பாதே, பிரித்துப் பார் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். பெற்றவள் சொன்னதை மட்டும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. தெரியாத ஒரு சரக்கில் முட்டை இருக்குமோ என்று பதறினேன், என் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று நீ சொன்னபோது சிரித்தேன்.

என்னை மன்னித்துவிடு. இதை எழுத இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

உன் அக்கா


ஜூன் 15

அக்கா,

எல்லாரும் சுகம். எலிக்கு ஒரு முன்பல் முளைத்திருக்கிறது, எட்டிப் பார்க்கிறது.

உன் கடிதத்தை மடித்து மடித்து நாலு தரம் படித்தேன். எலியின் அப்பா, "என்ன, பார்வை போடலையா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

தொழிற்சாலைக்காரர்கள் இனிமேல் நமக்கென்று ஒரு தனி மெஷினில் போடுவதாகச் சொல்கிறார்கள். அடுத்த சரக்கு வரும்போது கம்பெனி பெயரை முதல் வரியிலேயே எழுதுவேன். நீதான் டயரில் இருக்கிறாயே, இனி என்ன பயம்?

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். தின்பண்டப் பிரிவில் இருபது வருஷம் இருந்தவள், இதைத் தப்பான தலைப்பில் போட்டிருக்கிறாய். அது என் பெயருக்கு வர வேண்டியது இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தது நான் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போன் பண்ணு. எலி எடுப்பான், சொல்லி வைத்திருக்கிறேன். அவனிடம் சொல்ல வேண்டியதை நீயே சொல். உடனே வைத்துவிடாதே, அப்புறம் நான் பேச வேண்டும். மூன்றாவது நிமிஷம் சண்டை வரும். வரட்டும். நாலாவது நிமிஷம் என்ன ஆகிறது என்று நாம் பார்த்ததே இல்லை.

பட்டாசு